ஐந்து வாட் பெட்டி

அவள் வலது கையை உடைப்பதற்கு அவள் புருஷன் சுத்தியல் தேடிப் போகவில்லை. மேசைமேல் இருந்த தந்திக் கட்டையையே எடுத்துக்கொண்டான். புள்ளியும் கோடுமாகத் தட்டி ரேடியோவில் செய்தி அனுப்புகிற கட்டை அது. தட்டும்போது நகரக் கூடாது என்பதற்காக அடியில் கனத்த பித்தளைப் பாளம் வைத்திருக்கும். அவள் ஆசை ஆசையாக வாங்கியது. அவள் கையை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று முறை போட்டான். முதல் அடிக்குக் கத்தினாள். இரண்டாவது அடிக்குச் சத்தமே வரவில்லை. மூன்றாவது எதற்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அப்படி என்ன செய்துவிட்டாள்? சிரித்தாள். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எங்கோ தொலைதூரத்தில் இருக்கிற ஓர் ஆளோடு தட்டிக்கொண்டிருந்தவள், வந்த பதிலைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வீட்டில் சொந்தமாக ரேடியோ வைத்துப் பேசிக்கொள்கிறவர்களின் வட்டத்தில் அந்த ஆளுக்குப் பல்லி என்று பெயர். தட்டுகிற சத்தம் அப்படி. இவளுக்குத் தூறல். பல்லி ஒரு பெண். கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை, மூன்று பிள்ளைகள். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. தட்டுகிற சத்தத்தில் ஆணேது பெண்ணேது? புருஷன் பல்லியை ஆண் என்றே முடிவு கட்டிவிட்டான்.

இத்தனைக்கும் அவனுக்கும் தந்தி படிக்கத் தெரியும். அடுத்த அறையில் உட்கார்ந்து இவர்கள் பேச்சை ஒட்டுக் கேட்டு வந்தவன்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், குக்கர் வாஷர் போய்விட்டது, மேஸ்திரி திட்டினான், இவ்வளவுதான் பேச்சு என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன செய்ய? தன் முன்னால் சிரிக்காத பெண்டாட்டி ஒரு டக்டக்குக்குச் சிரிக்கிறாளே என்று வயிறு பற்றி எரிந்தது.

வட்டத்தில் அவனை ஆயிரம்வாட்டு என்பார்கள். மொட்டைமாடியில் ஏரியல் கோபுரம், அறை நிறையப் பெட்டிகள், அதில் ஒன்று ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபயர். யாராவது இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து அமுக்கிவிட்டுப் பேசுவான். ரேடியோவில் பழகினதுதான் வீட்டிலும், அல்லது வீட்டில் பழகினதுதான் ரேடியோவிலும். எது முந்தியது என்று கேட்டால் முட்டையா கோழியா கதைதான்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். "குடும்பம்னா நாலும் இருக்கும்மா" என்று அங்கே இருந்தவர் சொன்னார். அந்த நாலில் எலும்பு எத்தனை என்று அவர் சொல்லவில்லை. அன்று மாலையே அண்ணி தன் ஸ்கூல் வேனை ஓட்டிக்கொண்டு வந்து, தெருமுனையில் நிறுத்தி, கட்டின புடவையோடு இவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நாத்தனாரும் அண்ணியும் என்றாலே எலியும் பூனையும் என்பார்கள். இந்த வீட்டில் அந்தப் பழமொழி செல்லாது. அண்ணன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். அண்ணி காலையும் மாலையும் வேன் ஓட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, வாயை மட்டும் ஓயவிடாமல் இருந்தாள். இவள் பல்செட்டு செய்கிற ஒரு லேபில் சேர்ந்தாள். மெழுகில் பல் பல்லாகப் பதித்து, பிளாஸ்டர் வார்ப்பு எடுத்து, ஈறு நிறத்தில் வருகிற கட்டியைத் தேய்த்து மழமழவென்று ஆக்குகிற வேலை. முன்பு வலது கையால் செய்தவள்தான். எலும்பு கோணலாகக் கூடி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்க மறுத்ததால் எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றினாள். ஆரம்பத்தில் மெழுகுக் கத்தி வழுக்கி விரலை வெட்டியது. போகப்போக வலது கையை விட இடது கை கெட்டிக்காரியாகிவிட்டது.

புருஷனுடைய ஊர் இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரம். அவனுக்கு இந்த ஊரும் தெரியாது, வீடும் தெரியாது. அண்ணி அதற்குக் கொஞ்சம் முன்புதான் இந்த ஊருக்கே மாறி வந்திருந்தாள். அவன் கண்ணில் படாமல் இருந்தாலே உயிர் இருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியாக அவன் சொன்னது, "இன்னொரு தடவ தட்டினா கை இல்லடி, கழுத்து."

அவள் தட்டவில்லை. ஆனால் விரல் கேட்க வேண்டுமே.

"ஏன்டி, தட்டுல என்ன தாளம் போடற?" என்றாள் அண்ணி, சாப்பிடும்போது.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லயா? தூங்கறப்பகூட சுவத்துல தட்டற. சின்னவ பயந்துக்கறா, சுவத்துக்குள்ள யாரோ இருக்காங்கன்னு."

இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பல்லியோடு பேசாமல் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். போனில் பேசலாமே என்றால் நம்பர் கிடையாது. இருவரும் கேட்டுக்கொண்டதே இல்லை. அதோடு, போனில் பேசுவது வேறு. அந்தச் சின்னச் சத்தத்தை இரைச்சலுக்குள்ளிருந்து பொறுக்கி எடுக்கிற சுகம் போனில் வராது. அண்ணிக்கு இது ஒன்றும் புரியவில்லை. ஆனால் பசி என்று ஒருத்தி சொன்னால் என்ன பசி என்று கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவள். சனிக்கிழமை வேனைத் துடைத்துவிட்டு, "கெளம்பு, பொட்டி வாங்கலாம்" என்றாள்.

கடை ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே ஈயப் பற்று வைக்கிற வாசனை. வாழ்நாளெல்லாம் ஹெட்ஃபோன் மாட்டியதில் கடைக்காரருக்குக் காது மந்தம். ரேடியோ விற்கிறவர் காது கேட்காமல் இருந்தால் எப்படி வியாபாரம் நடக்கும் என்று அண்ணி முணுமுணுத்தாள். நல்லவேளை, அவருக்குக் கேட்கவில்லை.

"மலை மேல தூக்கிட்டுப் போய் வெச்சிப் பேசணும்" என்று இவள் சத்தமாகச் சொன்னாள். "தந்தி மட்டும் போதும். பேட்டரில ஓடணும்."

அவர் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்ஃபோனில்தான் கேட்க வேண்டும். இன்னொன்று செங்கல்லில் பாதி அளவு அலுமினியப் பெட்டி, ஐந்து வாட், அலைவரிசை மாற்றப் பெரிய திருகு ஒன்று, கட்டைவிரல் அளவு ஸ்பீக்கர். மூன்றாவதுதான் அவருக்குச் செல்லம்: இருபது வாட், வண்ணத் திரை, தந்தியும் பேச்சும் இரண்டும் உண்டு.

"இதத்தான் எல்லாரும் வாங்கறாங்க" என்று அந்தத் திரையைத் தடவினார்.

"சும்மா கேட்டுட்டு இருக்கறப்ப எவ்வளவு கரண்ட் தின்னும்?"

கடைக்காரர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பேச வந்தவர்கள் எத்தனை வாட் என்று கேட்பார்கள். கேட்க வந்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள். "இது நெறையத்தான் தின்னும்" என்று ஒத்துக்கொண்டார். "அலுமினியப் பொட்டி கொசு மாதிரி. சின்ன பேட்டரி போட்டா நாள் முழுக்க ஓடும்."

"அஞ்சு வாட்டா?" என்று அண்ணி நடுவில் புகுந்தாள். "எங்க வீட்டு ராத்திரி பல்பே அதவிட ஜாஸ்தி. இதவெச்சி எதுத்த வீட்டுக்காரிகூடப் பேச முடியாது போல."

"அதுதான் அண்ணி வேணும்" என்றாள் இவள்.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. பகலில் இருபது மீட்டர் அலைவரிசையில் போடுகிற சத்தம் வானத்தில் முட்டி, ரொம்பத் தொலைவில் போய்த்தான் இறங்கும். நடுவில் இருக்கிற ஊர்களின் தலைக்கு மேலே தாண்டிவிடும். பல்லி இருப்பது அந்தத் தொலைவில். புருஷன் இருப்பது தாண்டிப் போகிற நடுவில். பலமாகப் போட்டால் அங்கும் கொஞ்சம் சிதறி விழும், அவனிடம் இருக்கிற கோபுரத்துக்கு அந்தச் சிதறலே போதும். ஐந்து வாட் என்றால் சிதறக்கூட ஒன்றும் இருக்காது. உலகத்தில் எல்லோரும் தன் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்து ரேடியோ வாங்குவார்கள். இவள் எங்கே போகாது என்று பார்த்து வாங்கினாள்.

அலுமினியப் பெட்டியை மேசையில் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று, சட்டென்று இடது கையால் ஒரே பிடியில் வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல் வரை ஓடிப் பார்த்தாள். கடைக்காரர் பதறிப்போனார். ஒரு வீட்டை விட்டு வெறுங்கையோடு ஓடிவந்தவள் சாமானை அப்படித்தான் பார்ப்பாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அண்ணிக்குத் தெரிந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உறுதியா இருக்குமா?" என்று திரும்பி வந்து கேட்டாள்.

"அலுமினியம்மா. மேல ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது."

"நான் ஏறி நிக்கட்டுமா?" என்றாள் அண்ணி.

கடைக்காரர் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். "வேணாம்மா" என்றார்.

பெட்டியோடு சேர்ந்து போக ஒரு தந்திக் கட்டையும் எடுத்து வைத்தார். பித்தளை. நல்ல கனம். அதைப் பார்த்ததும் இவள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "லேசானது குடுங்க" என்று அண்ணி அதட்டினாள். தொடையில் பட்டை போட்டுக் கட்டிக்கொள்கிற, தீப்பெட்டி கனம்கூட இல்லாத பிளாஸ்டிக் கட்டை ஒன்று கிடைத்தது.

ஊருக்கு வெளியே ஒரு குன்று, உச்சியில் பழைய தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் ஒரே ஒரு பெரிய மரம். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ஏறினார்கள். மெல்லிய கயிற்றில் ஈயக் குண்டு ஒன்றைக் கட்டி, சுழற்றி, உயரக் கிளைக்கு மேலே வீசி, அந்தக் கயிற்றால் ஏரியல் கம்பியை இழுத்து ஏற்ற வேண்டும். மீன்பிடிக்கிறவர்கள் வலைக்குக் கட்டுகிற குண்டு; குழந்தையின் கைமுஷ்டி அளவு. இடது கையால் வீச அவள் லேப் பின்பக்கத்துக் காலி மனையில் பழகியிருந்தாள். முதல் வீச்சிலேயே குறி தப்பவில்லை. அண்ணி "அடி சக்கை!" என்றாள். இன்னொரு கம்பியைத் தரையோடு விரித்துவிட்டுப் பெட்டியில் செருகினாள்.

ரேடியோவில் இன்னார் என்று அடையாளம் காட்டுகிற தன் அழைப்புக்குறியின் கடைசி எழுத்தை மாற்றித் தட்டினாள். யாராவது இருக்கிறீர்களா? யாராவது இருக்கிறீர்களா? இரைச்சல். அண்ணி ஒரு பாறையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். திரும்பத் தட்டினாள்.

இரைச்சலுக்குள்ளிருந்து பதில் வந்தது, சுவர்ப் பல்லி கத்துகிற மாதிரியே; அவளேதான்.

அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. ஆனாலும் ரேடியோக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் முறையாக உன் சத்தம் எப்படி இருக்கிறது, நான் எந்த ஊர், எங்கே உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை வாட் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். புருஷனுக்குக் கேட்காத சத்தம்தானே என்று ஊரைச் சொன்னாள். குன்றைச் சொன்னாள். தொட்டியைச் சொன்னாள். ஐந்து வாட் என்றாள். அடுத்த ஞாயிறும் இதே நேரம் வருவேன் என்றாள். பெயர் மட்டும் பொய்ப் பெயர்.

பதில் தடதடவென்று வந்தது. "கை மாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை. நீ தூறல். என்னை ஏமாற்ற முடியாது. செத்துப்போனாய் என்று நினைத்தேன் தூறல்!" எழுத்துக்கு எழுத்து இடறி, பல்லியே தப்புத் தப்பாகத் தட்டினாள். அப்புறம், சன்னமாகச் சத்தம் வருகிறவர்களுக்கு எல்லோரும் செய்கிற மரியாதையை அவளும் செய்தாள். கேட்டது சரிதானா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். ஊர் இது. குன்றின் மேல். தண்ணீர்த் தொட்டி பக்கம். ஐந்து வாட். அடுத்த ஞாயிறு இதே நேரம். சரிதானே?

சரி, சரி என்று இவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. கை உடைந்த பிறகு அண்ணி அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இறங்கிவரும்போது வேனில் அண்ணி பல கேள்விகள் கேட்டாள். இவளும் குழந்தை மாதிரி எல்லாவற்றையும் விளக்கினாள். வானத்தில் முட்டுவது, தாண்டிப் போவது, அவனுக்குக் கேட்காது.

"சரிடி. நீ தட்டினது அவனுக்குக் கேக்காது."

"கேக்காது."

"அவ தட்டினது?"

இவள் மடியிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

பல்லியிடம் இருப்பது நூறு வாட். பல்லியின் ஊர் இவளுக்கு எவ்வளவு தொலைவோ புருஷனுக்கும் ஏறக்குறைய அவ்வளவே தொலைவு. இவளுக்குக் கேட்டது அவனுக்கும் கேட்கும், அதுவும் அந்தக் கோபுரத்தில் கோயில் மணி மாதிரி கேட்கும். தான் கிசுகிசுப்பதை மட்டும் அளந்து அளந்து பெட்டி வாங்கியவள், பதில் சொல்கிறவள் கிசுகிசுக்கமாட்டாள் என்பதை யோசிக்கவே இல்லை. ரேடியோவே தெரியாத ஒருத்தி, கியர் மாற்றிக்கொண்டே கேட்ட ஒரு கேள்வி அது. அண்ணி வண்டியை ஓரம் கட்டினாள்.

"அவன் கேட்டுட்டு இருந்திருப்பானா?"

"பல்லி எங்க சத்தம் குடுத்தாலும் உக்காந்து கேப்பான் அண்ணி. நான் எப்ப வருவேன்னுதான் கேப்பான்."

அண்ணி போலீஸ் ஸ்டேஷனுக்கு நேராக வண்டியை விட்டாள். வந்தால் போன் பண்ணுங்கள் என்றார்கள். வந்த பிறகு போன் பண்ண யார் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டு அண்ணி வெளியே வந்தாள்.

வேறு ஊருக்கு ஓடலாம் என்றாள் அண்ணி. பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் என்றாள். இவள் லேபில் ஒரு மேல்வரிசைப் பல்லைத் தலைகீழாகப் பதித்துவைத்துத் திட்டு வாங்கினாள். புதன்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நான் ஞாயித்துக்கெழம மேல போறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"அவனுக்குக் குன்று தெரியும், நேரம் தெரியும். வீடு தெரியாது. நான் அங்க இல்லன்னா ஊருக்குள்ள எறங்குவான். ஸ்கூல் வேன் ஓட்டற பொம்பள எந்த வீடுன்னு கேட்டா சின்னக் கொழந்தகூடக் காட்டும். பசங்க இருக்காங்க அண்ணி. இங்க வேணாம். அங்கயே முடியட்டும்."

"என்னடி முடியறது? நீயா?"

இவள் எழுந்து காலி மனைக்குப் போய் ஈயக் குண்டைச் சுழற்றினாள். சுவரில் கரியால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். ஆள் உயரத்துக்கு.

ஞாயிறு வந்தது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அண்ணி வேனைக் குன்றின் அடியில் பாதையை மறித்து நிறுத்தினாள். மடியில் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர். அவன் கார் எந்தப் பக்கம் வந்தாலும் அண்ணிக்குத் தெரியும். இவள் போனில் அண்ணியைக் கூப்பிட்டு, வைக்காமல், அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினாள்.

கார் வரவே இல்லை. ஏனென்றால் அவன் முதல் நாளே பஸ்ஸில் வந்து, மறுபக்கச் சரிவில் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

அது தெரியாமல் அவள் குண்டை வீசிக் கம்பியை ஏற்றினாள். கம்பி கிளையில் மாட்டி நின்றதும் கயிற்றை அவிழ்த்துக் குண்டோடு பாறை ஓரம் வைத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். தட்டினாள். பல்லி வந்தாள். "ஊர், பெயர், எதையும் திருப்பிச் சொல்லாதே. கேட்கிறான்" என்று அனுப்பினாள். பல்லி அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் தட்டினாள்.

"சரி" என்று, ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த டக்டக்கைப் பின்னால் ஒரு குரல் படித்தது.

அவள் மனதுக்குள் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாம் ஓடிப்போனது.

"எளச்சுப் போயிட்ட" என்றான் ஆயிரம்வாட்டு. குரலில் தேன் வடிந்தது. "உங்க அண்ணி சோறு போடறதில்லயா? வா, வீட்டுக்குப் போலாம். நடந்ததெல்லாம் நான் மன்னிச்சுட்டேன்."

மன்னித்துவிட்டானாம். மகா உத்தமன். பெட்டியைக் குனிந்து பார்த்துச் சிரித்தான். "அஞ்சு வாட்டு. என் பொண்டாட்டி, அஞ்சு வாட்டு வெச்சிக்கிட்டுப் பிச்சக்காரி மாதிரி மலைமேல. அந்தப் பல்லி, அவன் வாங்கிக் குடுத்தானா?"

"அவன் இல்ல. அவ."

அறைந்தான். அவள் பாறையில் போய் விழுந்தாள். உதடு கிழிந்து வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. எழுந்திருப்பதற்குள் விலாவில் உதைத்தான். ஹெட்ஃபோன் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. "பொய் சொல்லாத, பொய் சொல்லாத" என்று ஒவ்வொரு உதைக்கும் சொன்னான். அவள் வலது கையைத் தேடிப் பிடித்து, கூடிய எலும்பின் மேலேயே செருப்புக் காலை வைத்துத் திருகினான். அவள் அலறிய அலறலைக் கீழே வேனில் அண்ணி போனில் கேட்டாள்.

"என்ன சொன்னேன்? இன்னொரு தடவ தட்டினா என்ன சொன்னேன்?"

தரையில் விரித்திருந்த கம்பியைப் பிடுங்கினான். அவள் முதுகில் முழங்காலை வைத்து அழுத்தி, கம்பியைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு இழுத்தான். அவள் விரல்கள் கம்பிக்கும் தொண்டைக்கும் நடுவில் நுழையப் பார்த்தன, முடியவில்லை. காதுக்குள் ரத்தம் இரைந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாகப்போகிறோம் என்று தெளிவாகவே நினைத்தாள்.

அப்போது பெட்டி பேசியது.

ஹெட்ஃபோன் பிடுங்கிக்கொண்டதால் சத்தம் ஸ்பீக்கருக்கு வந்திருந்தது. மரத்தின்மேல் ஏரியல் அப்படியே இருந்தது. கட்டைவிரல் அளவு ஸ்பீக்கரிலிருந்து கீச்சுக் குரலில் வந்தது: தூறல். தூறல். இருக்கிறாயா? தூறல். இருக்கிறாயா?

அவனுக்குத் தந்தி படிக்கத் தெரியும் என்பதுதான் வினை. தெரியாதவனுக்கு அது வெறும் சத்தம். அவனுக்கு, தன் கையில் இருக்கிற பெண்டாட்டியை வேறொருவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். பொறுக்குமா? "வாய மூடுடா!" என்று கத்திக்கொண்டு, கம்பியை விட்டு எழுந்துபோய், பெட்டியை மிதித்தான். திருகு தெறித்தது. பெட்டி வாயை மூடவில்லை. ஏறி நின்று மிதித்தான். இருக்கிறாயா? என்றது.

அவள் மூச்சை இழுத்தாள். இடது கை தானாகப் போய்ப் பாறை ஓரத்துக் கயிற்றைப் பிடித்தது. முட்டிபோட்டு எழுந்து ஒரு சுற்றுச் சுழற்றினாள். அவன் திரும்பினான். திரும்பின வாயிலேயே குண்டு போய் இறங்கியது.

பீங்கான் தட்டு உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். அவள் கயிற்றை இழுத்துக்கொண்டு மறுபடி சுழற்றினாள். இரண்டாவது அவன் முழங்காலில் விழுந்தது, ஆளும் விழுந்தான். மூன்றாவதற்கு ஓங்கினாள். அவன் தரையில் கிடந்து இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு அழுதான். குண்டு தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. போடு, போடு என்று உடம்பு முழுக்கக் கேட்டது. அவளுக்குப் போடத்தான் ஆசை. அதை மறைப்பானேன்? அந்த மேசையும், மூன்றாவது அடியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கயிற்றை மெல்ல விட்டாள். குண்டு தன்னால் சுற்றி ஓய்ந்து மண்ணில் இறங்கியது.

அண்ணி தலைவிரி கோலமாக, ஸ்பேனரோடு, மூச்சு இரைக்க ஏறி வந்தாள். நிலைமையைப் பார்த்தாள். ஓடிவந்த வேகத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்ததால் அவன் தொடையில் ஒன்று வைத்தாள். பிறகு அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, போனில் போலீஸைக் கூப்பிட்டாள். "வந்தா போன் பண்ணச் சொன்னீங்களே, வந்துட்டான். மெதுவாவே வாங்க. நான் உக்காந்துருக்கேன், எங்கயும் போகமாட்டான்."

அவன் ஏதோ சொல்லப் பார்த்தான். காற்றும் ரத்தமும்தான் வந்தது. அவள் குனிந்து, லேபில் வார்ப்பைப் பார்க்கிற மாதிரியே அவன் வாயைப் பார்த்தாள். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் வேரோடு போயிருந்தன. பக்கத்துப் பல் பாதி. கீழே ஒன்று ஆடியது.

"செட்டு வெக்கணும்" என்றாள். தொண்டை கட்டிக் கரகரத்தது. "எங்க லேபுக்கு வராத."

அண்ணி சிரித்தாள், உடனே அழுதாள். இவள் தன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். கம்பி இன்னும் அங்கேயே சுற்றியிருந்தது. ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினாள். தோல் பிய்ந்து ஒட்டியிருந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். கழற்றின கம்பியை நீவி, நேராக்கி, தரையில் விரித்து, மறு முனையைப் பெட்டியில் செருகினாள். பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, ஆனாலும் ஓடியது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

தொடையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டை உடையவில்லை. அதைத் திருப்பி வலது பக்கம் கட்டிக்கொண்டாள். வீங்கி, நீலம் பாரித்து, ரத்தம் ஒழுகுகிற வலது கையை அதன்மேல் வைத்தாள். விரல் மடங்கவில்லை. மணிக்கட்டால் தட்டினாள். வலி உச்சந்தலைக்கு ஏறியது. தட்டினாள். மாற்றின எழுத்து இல்லாத தன் முழு அழைப்புக்குறி. தன் பெயர். ஊர். குன்று. தொட்டி. ஐந்து வாட். "இருக்கிறேன்."

பல்லியின் பதில் தயங்கித் தயங்கி வந்தது.

"எல்லாம் கேட்டது. திருப்பிச் சொல்லக் கூடாது, இல்லையா?"

அண்ணியின் அடியில் ஆயிரம்வாட்டு கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கும் படிக்கத் தெரியுமே.

"சொல்" என்று அவள் தட்டினாள். "நூறு வாட்டிலும் சொல். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்."